மெமரீஸ் ஆஃப் மர்டர்: கடைசிக் காட்சி வெட்டப்பட்டதா?

‘மெமரீஸ் ஆஃப் மர்டர்’ என்ற கொரியப் படம் கொலைகாரன் யாரென்று சொல்லாமலே முடிகிறது, டிவியில் வெட்டிவிட்டார்களா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை, நீங்கள் பார்த்தது முழுப்படம்தான்.

1986 முதல் 1991 வரை தென் கொரியாவின் ஹ்வாசோங் பகுதியில் நடந்த தொடர்கொலைகள்தான் கதைக்கு அடிப்படை. 2003இல் படம் வந்தபோது உண்மைக் கொலைகாரன் யாரென்று தெரியவில்லை. அவனும் தியேட்டருக்கு வரக்கூடும் என்று நினைத்துத்தான் இயக்குநர் பாங் ஜூன்-ஹோ, துப்பறிவாளராக நடித்த சோங் காங்-ஹோவைக் கடைசிக் காட்சியில் நேராக கேமராவைப் பார்க்க வைத்தார். எனக்கு இன்றும் சிலிர்க்கும் இடம் அது.

அப்புறம், 2019இல் மரபணுச் சோதனையில் ஆள் தெரிந்துவிட்டது. மைத்துனியைக் கொன்ற வழக்கில் ஏற்கெனவே ஆயுள் கைதி. படத்தைச் சிறையிலேயே பார்த்தானாம். எதுவும் தோன்றவில்லை என்று நீதிமன்றத்தில் சொன்னான். சுரங்கப்பாதைக் காட்சியை மட்டும் மறுபடி பாருங்கள்.