கணினி கேள்வி பதில்: லிங்க்கைத் தட்டினால் சின்ன விண்டோ

(ஜாவாஸ்கிரிப்ட் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறோம். நிரலில் ஆங்கிலத்திலேயே, சிறிய எழுத்து, கேபிடல் எழுத்து மாறாமல் அடியுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் வேலை செய்யாது.)

கேள்வி: எங்கள் புத்தகக் கடை இணையதளத்தில் அட்டைப்படங்கள் சிறிதாக இருக்கின்றன. ஒன்றைக் கிளிக் செய்தால் 480க்கு 640 அளவில் தனி விண்டோ திறந்து, பெரிய படமும் பொருளடக்கமும் தெரிய வேண்டும். பழைய பாடநூலைப் பார்த்து டூல்பார், மெனுபார், லொகேஷன் எல்லாவற்றுக்கும் ‘நோ’ போட்டேன். அப்படியும் அட்ரஸ் பார் போகவில்லை. சில கணினிகளில் விண்டோவே திறப்பதில்லை.

பதில்: அட்ரஸ் பாரை மறைக்க வழியில்லை. அதை மறைக்க விட்டால் போலி வங்கிப் பக்கத்தைக் காட்டி யாரும் ஏமாற்றலாம் என்பதால், இன்றைய பிரவுசர்கள் பாப்-அப்பிலும் (இப்படித் திறக்கும் சின்ன விண்டோ) முகவரியைக் காட்டியே தீரும். நீங்கள் போட்ட ‘நோ’க்களால் இப்போது நடப்பதெல்லாம், புது டேப்பா தனி விண்டோவா என்று பிரவுசர் முடிவெடுப்பது மட்டும்தான். அளவு கொடுத்தாலே தனி விண்டோ வந்துவிடும். ஆகவே அவற்றை அழித்துவிடுங்கள்.

விண்டோவைத் திறக்கும் கட்டளையான விண்டோ.ஓபனுக்கு மூன்று விவரங்கள் போதும்: பக்கத்தின் முகவரி, விண்டோவுக்கு ஒரு பெயர், அளவு. அளவை ஒரே மேற்கோள் குறிக்குள், இடைவெளி விடாமல், காற்புள்ளி போட்டு எழுதுங்கள்: ‘விட்த்=480,ஹைட்=640,லெஃப்ட்=200,டாப்=40’. இந்த 480, 640 இரண்டும் பக்கம் தெரியும் உட்பகுதியின் அளவு. தலைப்புப் பட்டையும் அட்ரஸ் பாரும் இதற்கு மேல் வரும். 768 பிக்சல் உயரமுள்ள மடிக்கணினியில் கீழே டாஸ்க்பாரும் இருக்கும். 640 அங்கே நெருக்கடிதான், 560 வையுங்கள். 100க்குக் குறைவாக எதைக் கொடுத்தாலும் பிரவுசர் ஏற்காது.

விண்டோ திறக்காத சிக்கலுக்குக் காரணம் பெரும்பாலும் லிங்க் எழுதிய விதம். எச்ரெஃப்பில் (லிங்க்கின் முகவரி எழுதும் இடம்) வெறும் ‘#’ போட்டுவிட்டு எல்லாவற்றையும் ஆன்கிளிக்கில் (கிளிக் செய்தால் ஓடும் நிரல்) எழுதியிருந்தால், பாப்-அப் தடுக்கப்பட்ட கணினியில் அந்த லிங்க் செத்துப்போகும். கூகுளின் தேடல் நிரலுக்கும் அந்தப் பக்கம் கண்ணில் படாது. எச்ரெஃப்பில் உண்மையான முகவரியை எழுதுங்கள். கூடவே ‘பாப்அப்’ என்று ஒரு கிளாஸ் (அடையாளப் பெயர்) கொடுங்கள். பிறகு ஒவ்வொரு லிங்க்குக்கும் தனித்தனியாக எழுதாமல், டாக்குமென்ட் மொத்தத்துக்கும் ஒரே ஒரு கிளிக் லிசனர் (கிளிக் விழுந்ததும் ஓடும் நிரல்) வையுங்கள். அது செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

கிளிக் விழுந்த இடத்திலிருந்து குளோசஸ்ட் மூலம், அதைச் சுற்றியுள்ள ‘ஏ.பாப்அப்’பை, அதாவது பாப்அப் கிளாஸ் கொடுத்த லிங்க்கை, தேட வேண்டும். அட்டைப்படம் லிங்க்குக்குள் இருப்பதால் கிளிக் விழுந்த இடத்தைச் சொல்லும் ஈவன்ட்.டார்கெட்டில் வருவது இமேஜ் டேக். நேராக அதில் எச்ரெஃப்பைத் தேடினால் ஒன்றும் கிடைக்காது. பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். லிங்க் இல்லையென்றால் அங்கேயே ரிட்டர்ன், அதாவது மேற்கொண்டு எதுவும் செய்யாமல் திரும்பிவிட வேண்டும். கன்ட்ரோல், ஷிஃப்ட், மெட்டா (மேக் கணினியில் கமாண்ட்) விசைகளில் ஒன்றை அழுத்தியபடி கிளிக் செய்திருந்தாலும் ரிட்டர்ன். அவர் தனி டேப்போ விண்டோவோ கேட்கிறார், குறுக்கே நிற்காதீர்கள். அதன் பிறகு விண்டோ.ஓபனை அழைத்து, அது தருவதை ஒரு மாறியில் வாங்குங்கள். கையில் விண்டோ கிடைத்தால் மட்டும் பிரிவென்ட்டிஃபால்ட்டும் (லிங்க் வழக்கம்போல் திறப்பதை நிறுத்தும்) ஃபோகஸும் (விண்டோவை முன்னால் கொண்டுவரும்) அழையுங்கள். தடுக்கப்பட்டிருந்தால் ‘நல்’ (எதுவும் இல்லை என்று பொருள்) வரும். லிங்க் தன் வழியில் சாதாரணமாகத் திறந்துகொள்ளும். வாசகருக்கு எப்படியும் புத்தகம் தெரிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை: அளவுக் குறிப்பில் ‘நோஓபனர்’ (புது விண்டோ உங்கள் பக்கத்தைத் தொடவிடாத குறிப்பு) சேர்த்தால் விண்டோ திறந்தாலும் ‘நல்’தான் வரும். மேலே சொன்ன சோதனை ஏமாந்து, பாப்-அப்பும் திறக்கும், பின்னால் உள்ள பக்கமும் மாறும். உங்கள் சொந்தப் பக்கங்களுக்கு அது தேவையில்லை. வெளித் தளத்துக்குப் போகும் லிங்க் என்றால் பாப்-அப் ஆசையை விட்டுவிட்டு, டார்கெட் ‘_பிளாங்க்’கும் ரெல் ‘நோஓபனர்’உம் போட்ட சாதாரண லிங்க்காகவே வையுங்கள்.

கேள்வி: முதல் கிளிக்கில் விண்டோ வருகிறது. அதை மூடாமல் வேறு புத்தகத்தைக் கிளிக் செய்தால் எதுவும் நடக்கவில்லை.

பதில்: நடந்திருக்கிறது, உங்களுக்குத் தெரியவில்லை. ஒரே பெயர் கொடுத்திருப்பதால் இரண்டாவது புத்தகம் அதே விண்டோவில் ஏறியிருக்கும். அது பெரிய விண்டோவின் பின்னால் ஒளிந்துகொண்டது. திறந்தவுடன் ஃபோகஸ் அழையுங்கள். ஏற்கெனவே இருக்கும் விண்டோவுக்குப் புது அளவு கொடுத்தாலும் எடுபடாது. அளவை மாற்றும் ரிசைஸ்டூ மூலம்தான் மாற்ற வேண்டும்.

கேள்வி: கிளிக் செய்ததும் சர்வரில் ரசீது எண் வாங்கி, அதன் பிறகு ரசீதைப் பாப்-அப்பில் திறக்கிறோம். குரோமில் சரி, ஐபோனில் மட்டும் தடுக்கப்படுகிறது.

பதில்: பயனர் தட்டிய கையோடு திறந்தால்தான் பிரவுசர் அனுமதிக்கும். அந்த அனுமதி குரோமில் சுமார் 5 விநாடி உயிரோடு இருக்கும். சஃபாரி அதைவிடக் கறார். சர்வர் பதிலுக்குக் காத்திருந்தபின் திறப்பது, அதன் பார்வையில் விளம்பர விண்டோ போலத்தான். வரிசையை மாற்றுங்கள். கிளிக்கில் முதல் வேலையாகக் காலி விண்டோவைத் திறந்து, ‘ரசீது தயாராகிறது’ என்று அதில் எழுதுங்கள். எண் வந்ததும் அந்த விண்டோவின் லொகேஷனை மாற்றுங்கள். சர்வர் பிழை வந்தால் குளோஸ் அழைத்து மூட மறக்காதீர்கள். மூடாவிட்டால் அந்த விண்டோ அநாதையாக நிற்கும். ஐபோனில் அது புது டேப்பாகத்தான் வரும், அளவுக்கு அங்கே வேலையில்லை.

கேள்வி: இரண்டு மானிட்டர் வைத்திருப்பவருக்கு பாப்-அப் தவறான திரையில் வருகிறது.

பதில்: ஸ்கிரீன் அகலத்தை வைத்து நடுவைக் கணக்கிட்டிருப்பீர்கள். பிரவுசர் விண்டோவை வைத்துக் கணக்கிடுங்கள்: ஸ்கிரீன்எக்ஸ் (பிரவுசர் விண்டோவின் இடது ஓரம் இருக்கும் இடம்) உடன், அவுட்டர்விட்த்தில் (அதன் முழு அகலம்) 480ஐக் கழித்து வருவதில் பாதியைக் கூட்டினால் லெஃப்ட். உயரத்துக்கும் அப்படியே.

கேள்வி: இத்தனை தொல்லைக்குப் பதில் வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அட்டைப்படம் காட்ட மட்டும் என்றால் அதையே பரிந்துரைப்போம். எச்டிஎம்எல்லின் டயலாக் டேக் 2022 முதல் குரோம், ஃபயர்பாக்ஸ், சஃபாரி மூன்றிலும் உண்டு. ஷோமோடல் அழைத்தால் பக்கத்தின் மேலேயே பெட்டி திறக்கும். பாப்-அப் தடுப்பான் தொடாது, கைபேசியிலும் சரியாக வரும், எஸ்கேப் விசையில் மூடும். மூடும் பொத்தானை, மெத்தட் ‘டயலாக்’ என்று எழுதிய ஃபார்முக்குள் வைத்தால் அதற்குத் தனி நிரல்கூட வேண்டாம். பக்கத்தையும் பெட்டியையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டிய வேலைக்கு மட்டும் தனி விண்டோவை வைத்துக்கொள்ளுங்கள். அப்படி வைக்கும்போது லிங்க்கின் பக்கத்தில் ‘புது விண்டோவில் திறக்கும்’ என்று எழுதிவிடுங்கள். திரையைப் படித்துச் சொல்லும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவர், விண்டோ மாறியது தெரியாமல் ‘பேக்’ பொத்தானைத் தேடித் தவிப்பார்.