ஓசூரிலிருந்து நாலு பேர் துபாய்க்கு கோல்ஃப் விளையாடப் போகிறோம். எந்த மாதம் போகலாம், எப்படித் திட்டமிடுவது?

நாலு பேர், ஐந்து நாள், முதல் வெளிநாட்டு ஆட்டம் என்று எழுதியிருக்கிறீர்கள். வரிசை இதுதான்: முதலில் டீ டைம் (ஆட்டம் தொடங்க மைதானத்தில் பதிவு செய்யும் நேரம்), அப்புறம் விமானம், கடைசியில் ஹோட்டல். பலர் தலைகீழாகச் செய்வார்கள். டிக்கெட் மலிவாகக் கிடைத்ததே என்று செப்டம்பர் கடைசியில் போட்டுவிட்டு, அங்கே போனால் மைதானம் பூட்டியிருக்கும். அங்கே பரவலாக இருப்பது பெர்முடா புல். குளிர் வந்தால் பழுப்பேறி வளர்ச்சி நின்றுவிடும். அதனால் வெயில் தணியும் செப்டம்பர், அக்டோபரில் பல மைதானங்கள் அதன்மேல் ரை புல் விதை தூவுகின்றன. அது முளைத்து நிற்கும்வரை மூடிவைப்பார்கள், அல்லது ஆட்டக்காரர்கள் ஏறிப்போகும் கார்ட் வண்டியைப் பாதையைவிட்டு இறக்கவிட மாட்டார்கள். எந்தெந்த வாரம் என்று மெயிலில் கேட்டுவிடுங்கள்.

நவம்பர் நடுவிலிருந்து மார்ச் நடு வரை நல்ல காலம். கட்டணமும் அப்போதுதான் உச்சம். எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் மஜ்லிஸ் மைதானத்தில் (1988இல் திறந்தது, அந்த வட்டாரத்தின் முதல் முழுப் புல் மைதானம்) ஆட ஆசையென்றால் ஜனவரியைத் தவிருங்கள், டெசர்ட் கிளாசிக் போட்டி அங்கேதான். ஜுமேரா கோல்ஃப் எஸ்டேட்ஸின் எர்த் மைதானத்துக்கு நவம்பரில் இதே கதை. 2022 முதல் அமீரகத்தில் வார விடுமுறை சனி, ஞாயிறு. திங்கள் முதல் வியாழனுக்குள் ஆடினால் பணம் மிச்சம்.

டிசம்பர், ஜனவரி விடியலில் பனிமூட்டம் இறங்கும். முதல் டீ டைம்கள் தள்ளிப்போகும், பின்னால் இருப்பவர்கள் எல்லாரும் நெருக்குவார்கள். ஒன்பது மணியை ஒட்டிப் போடுங்கள். பிற்பகலில் கடல்காற்று ஏறும். 'ட்விலைட்' (பின்மாலை ஆட்ட) சலுகை கவர்ச்சியாகத் தெரியும், ஆனால் குளிர்காலத்தில் ஐந்தரை, ஆறுக்கெல்லாம் இருட்டிவிடும். நாலரை மணி நேர ஆட்டத்தை ஒன்றரைக்குத் தொடங்கினால் 18 குழியும் முடிவது சந்தேகம். மாலையில்தான் ஆட வேண்டுமென்றால் அதே எமிரேட்ஸ் கிளப்பில் விளக்கு வெளிச்சத்தில் ஆடும் ஃபால்டோ மைதானம் இருக்கிறது.

ஓசூர்க்காரர்கள் கணக்கில் எடுக்காத விஷயம் உயரம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 900 மீட்டர், துபாய் கடலோரம். காற்று அடர்த்தி கூடும்போது பந்தை மேலே தூக்கும் விசையும் தடையும் சேர்ந்து கூடும், தூரம் குறையும். 300 மீட்டருக்கு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே 150 கஜம் போகும் ஷாட் அங்கே 145தான். எதிர்க்காற்றும் சேர்ந்தால் ஒரு படி அதிகத் தூரம் போகும் கிளப்பை (மட்டையை) எடுக்க வேண்டும். முதல் நாள் ஷாட் எல்லாம் கிரீனுக்கு (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) முன்னாலேயே விழுந்தால் ஸ்விங்கை மாற்றாதீர்கள், கிளப்பை மாற்றுங்கள்.

ஃபேர்வேக்கு (புல்லை ஒட்ட வெட்டிய ஆட்டப்பாதை) வெளியே கிடக்கும் பாலை மணல் பங்கர் (மைதானத்தில் அமைத்த மணல் குழி) அல்ல. மைதானம் வேறு விதமாகக் குறிக்காதவரை அங்கே கிளப்பைத் தரையில் வைக்கலாம், பிராக்டிஸ் ஸ்விங்கும் போடலாம். பங்கரில் இரண்டும் மணலைத் தொட்டால் அபராதம். அந்தப் பாலை மணலில் மேற்பரப்பு பல இடங்களில் இறுகிக் கிடக்கும், சரளையும் இருக்கும். சாண்ட் வெட்ஜை (பங்கர் மணலுக்கான, அடிப்பாகம் தடித்த கிளப்) எடுத்தால் அடிப்பாகம் துள்ளிப் பந்தின் தலையில் படும். 8 அல்லது 9 ஐயன் கிளப்பை எடுத்து, பந்தைப் பின்காலுக்குச் சற்று நெருக்கி வைத்து, பந்தை முதலில் அடித்து ஃபேர்வேக்குள் கொண்டுவந்தால் போதும். கல்லுக்கு நடுவே கிடந்தால் ஒரு ஸ்ட்ரோக் அபராதத்தோடு அன்பிளேயபிள் (ஆட முடியாத பந்து என்று சொல்லி வேறிடத்தில் போடுவது) எடுங்கள், ஐயன் பிழைக்கும்.

பெங்களூருபோல அங்கே கேடி (பேக்கைத் தூக்கிக் கூட வரும் உதவியாள்) வரமாட்டார். ஜிபிஎஸ் கார்ட்தான். பங்கர் வாருவது, டிவட்டுக்கு (அடியில் புல் பெயர்ந்த பள்ளம்) மணல் போடுவது, கிரீனின் சரிவைப் படிப்பது எல்லாம் உங்கள் வேலை. ஹேண்டிகேப் (ஆட்டத்திறன் அளவு) சான்று, காலர் வைத்த சட்டை, சாஃப்ட் ஸ்பைக் (மென்முள்) ஷூ எடுத்துப் போங்கள். ஜீன்ஸ் கூடாது.

நாலு பாஸ்போர்ட்டையும் இன்றே திறந்து பாருங்கள். இனிஷியலை விரிக்காமல் ஒற்றைப் பெயரில் எடுத்தவர்கள் நம் பக்கம் ஏராளம். கிவன் நேம், சர்நேம் இரண்டில் ஒன்று காலியாக இருந்தால் விசிட் விசாவில் அனுமதியில்லை என்று 2022 நவம்பரில் அமீரகம் அறிவித்தது. தகப்பனார் பெயர் பாஸ்போர்ட்டில் இருந்தால் ஏற்கலாம் என்று பிறகு விளக்கம் வந்தாலும், டிக்கெட் போடும் முன்பே விமான நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வீட்டில் மசாலாப் பொடி கட்டிக் கொடுத்தால் கசகசா இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள்.

கோல்ஃப் பேக்கை விளையாட்டுச் சாமான் என்று முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் சில விமானங்களில் கவுன்டரில் தண்டம் கட்ட நேரும். டிரைவர் கிளப்பின் தலைப்பகுதியைக் கழற்றித் துண்டில் சுற்றுங்கள், பவர் பேங்க் கைப்பையில் இருக்கட்டும். இரண்டே ரவுண்டு என்றால் ஷூ, கிளவுஸ் மட்டும் கொண்டுபோய் கிளப்பை வாடகைக்கு எடுப்பதே மேல். பெங்களூரு விமான நிலையத்துக்கு சில்க் போர்டு வழி வேண்டாம், அத்திப்பள்ளி, சர்ஜாபூர், ஹோஸ்கோட்டை, தேவனஹள்ளி என்று சுற்றிப் போங்கள். நாலு பேரும் நாலு பேக்கும் ஒரு இன்னோவாவில் ஏற வேண்டுமானால் பின்சீட்டை மடக்க வேண்டும், பெட்டிகளைச் சின்னதாக எடுங்கள்.