உச்சியும் சுள்ளியும்

கேள்வி: 1960களில் உலகையே கலக்கிய லண்டன் மாடல் ட்விக்கி, நான்கே வருடத்தில் அந்தத் தொழிலை விட்டுவிட்டாராமே! புகழின் உச்சியில் இருக்கும்போது விலகுவது துணிச்சலா, திமிரா?
(ஒரு வாசகர், திருச்சி)

பதில்: திருச்சிக்காரர் என்பதால் 'உச்சி' தானாக வந்து விழுந்துவிட்டது போலிருக்கிறது. நானூறு படிக்கு மேல் மூச்சு வாங்க ஏறி உச்சிப் பிள்ளையாரைப் பார்த்திருப்பீர்கள். அப்புறம் என்ன செய்தீர்கள்? கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு, காவிரியைப் பார்த்துவிட்டு, இறங்கிவிட்டீர்கள். அங்கேயே குடித்தனம் நடத்தும் உரிமை பிள்ளையாருக்கு மட்டும்தான். இறங்கி வந்த உங்களிடம் யாராவது "துணிச்சலா, திமிரா?" என்று கேட்டார்களா?

இந்தப் 'புகழின் உச்சி' என்ற தேய்ந்த சொல்லை நான் அடித்துவிட, உதவி ஆசிரியர்கள் மறுபடி எழுத, பதினோரு வருடமாகச் சண்டை நடக்கிறது. போன மாதம் தக்காளி விலையைக்கூட உச்சிக்கு ஏற்றிவிட்டார்கள். இப்போது வாசகர்களும் அந்தக் கட்சியில் சேர்ந்தால் நான் எங்கே போவேன்?

ஆனால் ட்விக்கிக்கு 'உச்சி' பொருத்தம்தான். அவர் புகழே உச்சந்தலையில்தான் தொடங்கியது. 1966இல், பதினாறு வயதில், லண்டன் மேஃபேரில் லெனார்ட் என்ற முடிதிருத்துநரின் சலூனில் போய் உட்கார்ந்தார். வெட்டுவதும் சாயம் போடுவதுமாக ஏழெட்டு மணி நேரம் ஆனதாம். என் தெருமுனை சலூன்காரருக்கு என் தலை ஏழு நிமிட வேலை. அதற்கு முன் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பழைய வார இதழ்களைப் படிக்க வேண்டும் (நம் இதழ் அங்கே கிடையாது, கேட்டுவிட்டேன்). "மிச்சம் இருக்கிற முடிக்கு முழுக் காசா?" என்று ஒருநாள் கேட்டேன். "காசு தலைக்கு சார், முடிக்கு இல்ல" என்றார். அதற்கு மேல் என்ன பேசுவது?

சரி, லண்டனுக்கு வருவோம். அந்தப் புதுத் தலையை பேரி லேட்டகன் படம் பிடித்தார். சலூன் சுவரில் மாட்டிய படம் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகையின் ஃபேஷன் பகுதியைக் கவனித்துவந்த டெர்ட்ரி மெக்‌ஷாரியின் கண்ணில் பட, '1966இன் முகம்' என்று அந்தப் பத்திரிகை அறிவித்துவிட்டது. ட்விக்கிக்கு மேனேஜராக இருந்த ஜஸ்டின் டி வில்நேவும் முன்பு சலூனில் வேலை பார்த்தவர்தான். அந்த ராஜ கம்பீரப் பெயரே அவராக வைத்துக்கொண்டது. வீட்டில் வைத்த பெயர் நைஜல் டேவிஸ். ட்விக்கியும் பள்ளி நாட்களில் சனிக்கிழமைகளில் ஒரு சலூனில் தலை அலசிவிட்டவர். ஆக மொத்தம், கத்தரிக்கோல் சத்தத்தில் வளர்ந்த புகழ்.

இயற்பெயர் லெஸ்லி ஹார்ன்பி. உடம்பு 41 கிலோதான் என்பதால் 'ட்விக்', அதாவது சுள்ளி. அப்பா என்ன தொழில் தெரியுமா? தச்சு வேலை! தச்சர் வீட்டில் சுள்ளி பிறந்ததை நினைத்து நான் இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஊர் சிரிக்கவில்லை. அவரைப் போல் ஆக வேண்டும் என்று பெண்கள் பட்டினி கிடக்கப்போகிறார்கள் என்று அவரையே திட்டினார்கள். அவரோ நன்றாகச் சாப்பிடுகிறவர். உடல்வாகு அப்படி. குச்சி மாதிரி இருந்தால்தான் அழகு என்று விற்றவர்களைக் கேட்க ஆளில்லை. 1967இல் அவர் சாயலில் பொம்மையே செய்து விற்றார்கள்.

1970இல் விலகினார். ஆயுள் முழுக்கத் துணி மாட்டும் ஹேங்கராக இருக்க முடியாது என்பது அவர் சொன்ன காரணம். அடுத்த வருடமே கென் ரஸ்ஸல் இயக்கிய 'தி பாய் ஃப்ரெண்ட்' படத்தில் ஆடிப் பாடி, இரண்டு கோல்டன் குளோப் விருது வாங்கினார். 1983இல் நியூயார்க்கின் பிராட்வே நாடக மேடையில் நடனக் கலைஞர் டாமி ட்யூனோடு ஆடினார்; மேடைக் கலைக்கான டோனி விருதுக்குப் பரிந்துரையும் வந்தது. 2005இல், ஐம்பது தாண்டிய வயதில், மார்க்ஸ் அண்ட் ஸ்பென்சர் என்ற பிரிட்டிஷ் கடையின் விளம்பரத்துக்கு மறுபடி மாடலாக வந்து நின்றார். 2019இல் 'டேம்' பட்டம் (ஆண்களுக்கு 'சர்' மாதிரி).

இறங்கியவர் இத்தனை படி மறுபடி ஏறியிருக்கிறார். இதில் துணிச்சலும் இல்லை, திமிரும் இல்லை, நல்ல முழங்கால்! எனக்கு அலுவலக மாடிப்படியே பதினெட்டுதான். அதற்கே நடுவில் ஒருமுறை நிற்கிறேன்.