சிங்கப்பூரிலிருந்து நியூவர்க்: ஆறு மணி நேரப் பயணம்தானா?

வணக்கம். தங்கள் தாயாரின் ஜனவரி மாதப் பயணச்சீட்டில் சிங்கப்பூரிலிருந்து இரவு 11.35-க்குப் புறப்பாடு, அமெரிக்காவில் நியூயார்க்கை அடுத்துள்ள நியூவர்க்கில் மறுநாள் காலை 5.30-க்கு வருகை என்றிருப்பதைப் பார்த்து, ஆறு மணி நேரத்தில் எப்படிச் சென்றுசேர முடியும் என்று கேட்டிருந்தீர்கள். அவை இரண்டும் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள். ஜனவரியில் நியூவர்க், சிங்கப்பூரைவிட 13 மணி நேரம் பின்தங்கியிருப்பதால், அதையும் கூட்டினால் வரும் ஏறத்தாழ 19 மணி நேரமே உண்மையான பயண நேரம்.

இரு ஊர்களுக்கும் இடையிலான சுமார் 15,300 கி.மீ. தூரத்தை விமானத்தின் வேகமான மணிக்கு 900 கி.மீ.-ஆல் வகுத்தால் 17 மணி நேரம்தானே வருகிறது என்ற ஐயமும் நியாயமானதே. ஆனால், அந்த 15,300 கி.மீ. என்பது வடதுருவத்தை ஏறக்குறைய ஒட்டிச் செல்லும் மிகக் குறுகிய வழியின் நீளம். நடைமுறையில் விமானம் பெரும்பாலும் பசிபிக் பெருங்கடலின் மேலாக, மேற்கிலிருந்து கிழக்கே வேகமாக வீசும் உயர்வானக் காற்றின் துணையோடு, சற்றுச் சுற்றியே செல்கிறது.

எனக்குக் கவலை தாயாரின் மாத்திரைகளைப் பற்றித்தான். என் அம்மா இதே வழியில் சென்றபோது, இறங்கும்வரை கைக்கடிகாரத்தைச் சிங்கப்பூர் நேரத்திலேயே வைத்திருக்கச் சொல்லி, ஒவ்வொரு மாத்திரை உறையின் மேலும் அந்த நேரத்தையே பேனாவால் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அவர் குழம்பவே இல்லை. இன்சுலின் போட்டுக்கொள்பவராயின், மருத்துவரிடம் இந்த 19 மணி நேரக் கணக்கைச் சொல்லி அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.