ஒன்பது நாளில் இரண்டு கையெழுத்து

கேள்வி: அமெரிக்காவில் கறுப்பின மக்களை மனதில் வைத்துத் தொடங்கிய முன்னுரிமைத் திட்டங்களின் பயன், பின்னாளில் அங்கே குடியேறிய இந்தியர்களுக்கும் கிடைத்ததாமே, எப்படி?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: கிடைத்தது உண்மைதான். 1965 செப்டம்பர் 24 அன்று அதிபர் லிண்டன் ஜான்சன் 11246ஆம் எண் ஆணையில் கையெழுத்திட்டார். அரசு ஒப்பந்தம் பெறும் நிறுவனங்கள் இனமும் நிறமும் பார்த்து ஆட்களை ஒதுக்கக் கூடாது என்பதோடு, எல்லோருக்கும் வாய்ப்புக் கிடைக்கத் தாமே முனைந்து செயல்படவும் வேண்டும் என்றது அந்த ஆணை. ஒன்பது நாள் கழித்து, அக்டோபர் 3 அன்று, சுதந்திர தேவி சிலையின் அடியில் மேசை போட்டு அமர்ந்து, 1920களிலிருந்து நடப்பில் இருந்த நாட்டுவாரி ஒதுக்கீட்டை ஒழிக்கும் குடியேற்றச் சட்டத்திலும் அவரே கையெழுத்திட்டார். 1946ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியர்களுக்கு ஆண்டுக்கு 100 இடம்தான் இருந்தது என்பதை நினைத்தால், திறந்த கதவு எவ்வளவு பெரியது என்று விளங்கும். அவரோ, இது புரட்சிகரமான மசோதா ஒன்றுமில்லை என்றே அன்று பேசினார்!

முன்னுரிமைத் திட்டங்கள், விண்ணப்பித்தவரின் முன்னோர் அடிமைகளாக இருந்தார்களா என்று விசாரிக்கவில்லை; படிவத்தில் எந்த இனத்துக்கு நேரே டிக் அடித்திருக்கிறார் என்றே பார்த்தன. இந்திய வம்சாவளியினர் அமைப்பு ஒன்று மனுச் செய்ததன் பேரில், 1982இல் சிறுதொழில் நிர்வாகத் துறை, அரசு ஒப்பந்தங்களில் சலுகை பெறும் சமூகங்களின் பட்டியலில் அவர்களையும் சேர்த்தது. குடியுரிமை வாங்கிச் சில ஆண்டுகளே ஆன இந்தியரும், பல தலைமுறை ஒடுக்குமுறைக்கு ஆளான குடும்பத்தவரும் ஒரே வரிசையில் நின்றார்கள். நம் நாட்டில், பட்டியலினத்தவர் வேறு மாநிலத்தில் குடியேறினால் அங்கே இட ஒதுக்கீட்டு உரிமையைக் கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1990இலேயே சொல்லிவிட்டது. அத்தகைய வேலி அமெரிக்காவில் இல்லை.

ஆனால், குற்றம் குடியேறி வந்தவர்கள் மேல் இல்லை என்பதே என் எண்ணம். கல்லூரிச் சேர்க்கையில் இனத்தைக் கருதுவதற்கு 1978ஆம் ஆண்டு பாக்கி வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி பவல் ஏற்றுக்கொண்ட காரணம், பழைய அநீதிக்குப் பரிகாரம் என்பதன்று, வகுப்பறையில் பன்மை என்பதே. பன்மை என்று வந்துவிட்டால் நேற்று வந்தவரும் அதில் அடக்கம். வேடிக்கை என்னவென்றால், ஒப்பந்தத்தில் சலுகை பெற்ற அதே ஆசியர்கள் கல்லூரிச் சேர்க்கையில் ஓரங்கட்டப்படுகிறார்கள் என்ற புகாரே ஹார்வர்டு வழக்காகி, 2023 ஜூன் 29 அன்று இன அடிப்படையிலான சேர்க்கைக்கு முடிவு கட்டியது. 2025 ஜனவரியில் அதிபர் டிரம்ப் 11246ஆம் ஆணையையும் ரத்து செய்துவிட்டார். ஜான்சனின் இரண்டு கையெழுத்துகளில், குடியேற்றச் சட்டத்தில் இட்டதற்குத்தான் இன்னும் உயிர் இருக்கிறது.