கலிபோர்னியா பள்ளியில் சேர்க்க, இந்தியாவில் போட்ட தடுப்பூசிகள் போதுமா?

ஐந்து வயது மகனோடு அடுத்த மாதம் கலிபோர்னியா வருவதாகவும், எல்லா ஊசியும் போட்டாயிற்று என்றும் எழுதியிருக்கிறீர்கள். அநேகமாகக் கணவர் வேலை விஷயமாக வருகிறீர்கள். பள்ளி வேலை முழுக்க உங்கள் தலையில்தான் விழும். அதனால் விவரமாகவே சொல்கிறேன்.

போட்ட ஊசிகள் செல்லும், ஆனால் எல்லாமே கணக்கில் வராது. கிண்டர்கார்டனுக்கு எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி) இரண்டு தவணை வேண்டும், இரண்டும் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதாக இருக்க வேண்டும். நம் ஊரில் ஒன்பதாம் மாதம் போடுவதைச் சேர்க்க மாட்டார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தை உடம்பில் மிச்சமிருந்தால் அந்த வயதில் ஊசி சரியாகப் பிடிக்காது என்பது காரணம். சின்னம்மை ஊசியும் இரண்டு தவணை கேட்பார்கள். அது நம் அரசு அட்டவணையில் இல்லை, தனியாரிடம் போட்டிருந்தால்தான் உண்டு.

என் மகன் பிறந்தது ஆகஸ்ட் 20. ஒன்றேகால் வயதில், டிசம்பர் 8 அன்று எம்.எம்.ஆர். போட்டோம். திருச்சி டாக்டர் அட்டையில் 08/12 என்று எழுதியிருந்தார். இங்கே மாதம்தான் முதலில் வரும். பள்ளி அலுவலகத்தில் அதை ஆகஸ்ட் 12 என்று படித்து, பிறந்தநாளுக்கு எட்டு நாள் முன்னால் போட்ட ஊசி, செல்லாது என்றுவிட்டார்கள். ஒன்பது மாத ஊசியும் சேராது. ஆக, தட்டம்மைக்கு ஒரு ஊசிகூடப் போடாத பிள்ளையாகிவிட்டான். பள்ளி திறக்க நான்கே நாள். ஒரு தவணை தவறாமல் தூக்கிக்கொண்டு ஓடியவள் நான். அந்த மேசை முன்னாலேயே எனக்கு அழுகை வந்துவிட்டது.

ராத்திரி அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்பது மாத ஊசிக்கு நேரே 25/05 என்று இருந்தது. இருபத்தைந்தாவது மாதம் ஏது? மறுநாள் இங்குள்ள குழந்தை மருத்துவரிடம் அந்த வரியைக் காட்டினேன். தேதிகளைச் சரியாகப் பதிந்து, இன்னும் ஒரே ஒரு எம்.எம்.ஆர். மட்டும் போட்டு அனுப்பினார். நீங்கள் கிளம்பும் முன்பே மாதத்தை எழுத்தில் எழுதி, முத்திரையோடு வாங்கிவிடுங்கள்.

நான் தடுப்பூசிக்கு எதிரி என்று தயவுசெய்து யாரும் சண்டைக்கு வர வேண்டாம். 2014 டிசம்பரில் இங்குள்ள டிஸ்னிலேண்ட் கேளிக்கைப் பூங்காவில் தட்டம்மை பரவிய பிறகுதான், சொந்த நம்பிக்கையைச் சொல்லி விலக்குக் கேட்கும் வழியை 2016-லிருந்து இங்கே அடைத்தார்கள். அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். ஊரில் தெரிந்த டாக்டரிடம் தேதியை மாற்றி எழுதி வாங்கச் சொல்வார்கள், கேட்காதீர்கள்.

அன்று மாலை என் கணவர், "வீட்லதானே இருக்க, முன்னாடியே பார்த்திருக்கக் கூடாதா?" என்றார். எம்.எஸ்சி. முடித்து ஏழு வருடம் ஆய்வகத்தில் வேலை பார்த்தவள் நான். கணவரின் வேலை விசாவைச் சார்ந்து மனைவிக்குக் கிடைக்கும் ஹெச்4 விசாவில் வேலை அனுமதி இல்லாமல் உட்கார்ந்திருப்பது நான் கேட்டு வாங்கியது இல்லை. அட்டையில் இருந்த அந்த 25-ஐக் கண்டுபிடித்ததும் நான்தான்.