சாம்பல் தண்ணீர் ஏன் நீர்த்துப் போகிறது?

கேள்வி: விறகடுப்புச் சாம்பலில் காரநீர் எடுத்து சோப்பு செய்யப் பார்த்தேன். ஒரு வாளிச் சாம்பலில் நிறையத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி, மறுநாள் தெளிந்ததை இறுத்தேன். தேங்காய் எண்ணெயோடு எவ்வளவு காய்ச்சியும் ஒன்று சேரவில்லை. எங்கே தவறு?

பதில்: முதலில் ஒன்று கேட்கிறேன், சாம்பலை மழையில் நனையவிட்டீர்களா? நனைந்திருந்தால் உங்கள் வேலையை மழையே செய்து முடித்திருக்கும். சாம்பலில் பெரும்பங்கு தண்ணீரில் கரையாத சுண்ணாம்புச் சத்து. நமக்கு வேண்டிய காரம், அதாவது பொட்டாசியம் கார்பனேட், கொஞ்சம்தான், அது சட்டென்று கரைந்து ஓடிவிடும்.

சாம்பல் காய்ந்தே இருந்தது என்றால், தவறு தண்ணீர் ஊற்றிய விதத்தில். உங்கள் சாம்பல் 2 லிட்டர் தண்ணீரைத் தனக்குள் பிடித்து வைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். 8 லிட்டரை ஒரே மூச்சில் ஊற்றினால் 6 லிட்டர் வடியும், காரத்தில் கால் பங்கு சாம்பலிலேயே தங்கிவிடும். அதே 8 லிட்டரை முதலில் 4, அப்புறம் 2, அப்புறம் 2 என்று ஊற்றி, ஒவ்வொரு முறையும் வடியவிட்டால்? அதே 6 லிட்டர்தான் வடியும், ஆனால் தங்குவது அரைக்கால் பங்கு. அதோடு, முதலில் வடியும் 2 லிட்டரிலேயே பாதிக் காரம் வந்துவிடும். அதைத் தனியே வையுங்கள். கடைசியில் வடிந்த நீர்த்த தண்ணீரைக் கொட்டாமல் அடுத்த வாளிச் சாம்பலுக்கு முதல் தண்ணீராக ஊற்றுங்கள்.

பீகாரில் நோனியா சமூகத்தினர் வெடிமருந்துக்கான வெடியுப்பை மண்ணிலிருந்து எடுத்ததும் இப்படித்தான். மூங்கில், வைக்கோல் பரப்பின்மேல் உப்பு பூத்த மண்ணைக் குவித்து மேலிருந்து தண்ணீர் விடுவார்கள். நீங்களும் கலக்காதீர்கள். அடியில் துளையிட்ட பிளாஸ்டிக் வாளியில் வைக்கோல் பரப்பி, சலித்த சாம்பலை லேசாக அழுத்தி நிரப்பி, மழைத் தண்ணீரை மெதுவாக விடுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது, காரம் அதை அரித்துவிடும்.

வடிந்தது இன்னும் கார்பனேட்தான். அது எண்ணெயைச் சரியாகச் சோப்பாக்காது. நீற்றிய சுண்ணாம்பைப் போட்டுக் காய்ச்சித் தெளியவிட்டால் உண்மையான காரநீர் கிடைக்கும். தோலைப் பொசுக்கும், கண்ணில் பட்டால் பார்வையே போகும். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள்.

இன்னொன்று: சாம்பல் காரத்தில் வருவது குழைவான சோப்பு. கட்டியாகவில்லையே என்று மறுபடி காய்ச்சிக்கொண்டிருக்க வேண்டாம். கட்டி வேண்டுமானால் கடைசியில் கறியுப்பைக் கரைத்து ஊற்றுங்கள், சோப்பு திரண்டு மேலே மிதக்கும். வண்ணார்கள் வெள்ளாவிக்கு எடுத்த உவர்மண்ணில் இந்தத் தொல்லை இல்லை, அதில் இருப்பது பொட்டாசியம் அல்ல, கட்டிச் சோப்பு தரும் சோடியம்.

மிஞ்சிய சாம்பலை அமில மண்ணுக்குப் போடலாம். ஏற்கெனவே காரம் மிகுந்த களர் நிலத்துக்கு வேண்டாம்.